டிசிப்ளினை அளந்து பார்த்தவர்கள் உண்டா? என் அனுபவம் இது

800, 1500 மீட்டர் ஓடும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். ஒரு சீசன் தொடக்கத்தில் சுயக்கட்டுப்பாட்டுக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தேன். டாங்னி, பவுமைஸ்டர், பூன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 2004-இல் வெளியிட்ட அளவுகோலின் சுருக்கம். 13 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஒரு பையன் இரண்டே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தான். மேலிருந்து கீழ்வரை 5, 5, 5. அதில் 9 வாக்கியங்களைத் தலைகீழாக மதிப்பிட வேண்டும், அதாவது 5 போட்டால் 1 மதிப்பெண்தான். 'நான் சோம்பேறி' என்பதற்கும் 5 போட்டிருந்தான்! அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அணியில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிற ஆளே தாளையும் நீட்டினால் வேறென்ன வரும்? தப்பு என்னுடையது.

அப்புறம் விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டரின் முறைக்கு மாறினேன். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, 'மொத்தத்தில் எவ்வளவு கஷ்டமாக இருந்தது?' என்று கேட்க வேண்டும். 0 முதல் 10 வரை ஒரு எண். அதை நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை. நான் எதிர்பார்க்கும் எண்ணைக் காலையிலேயே நோட்டில் எழுதிவிடுவேன். லேசான ஓட்டம் 40 நிமிடம், 3 என்றால் 120. பிள்ளைகளோ 6 சொல்லி 240-இல் வந்து நிற்பார்கள். கடினமான நாளில் எல்லாரும்தான் உழைக்கிறார்கள். லேசான நாளில் அடங்கி ஓட முடியவில்லை.

ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி. கூட ஓடியவர்கள் பேசிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார்கள். மேடு வந்தது. வாட்சைப் பார்த்தாள், நாடித்துடிப்பு நான் சொன்ன எல்லையைத் தொட்டிருக்க வேண்டும். உடனே நடக்க ஆரம்பித்தாள். ஏற்றம் முடிகிறவரை நடந்தாள். பின்னால் சைக்கிளில் வந்த என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேள்வித்தாளில் அவளுக்கு 65-க்கு 41தான்.

*

சார், நான் ஸ்பிரிண்டர். பின்தொடைத் தசை கிழிந்திருந்தபோது பிசியோ 3 செட் சொன்னால் 5 செய்வேன். 'என்ன ஒரு உழைப்பு' என்று வீட்டில் பெருமைப்பட்டார்கள். எந்தக் கேள்வித்தாளிலும் எனக்கு நல்ல மார்க் வந்திருக்கும். நாலாவது வாரம் அதே இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது. அன்று காலை 'வலி இருக்கிறதா?' என்று கேட்டபோது இல்லை என்று சொன்னதும் நான்தான். இப்போது நோட்டில் இரண்டு கட்டம் வைத்திருக்கிறேன்: சொன்னது, செய்தது. கூடச் செய்தாலும் சிவப்பு மைதான்.

*

சார், அந்த 0–10 எண்ணும் அவர்களே சொல்வதுதானே? உங்களுக்குப் பிடித்த மாதிரி சொல்ல மாட்டார்களா?

*

சொன்னார்கள். முதல் மாதம் லேசான நாளில் எல்லாருமே 3. வாட்ச் வேறு கதை சொன்னது. அதனால் ஒருவர் முன்னால் ஒருவரைக் கேட்பதை நிறுத்தினேன்; சீட்டில் எழுதி மடித்துத் தரச் சொன்னேன். அணித் தேர்வுக்கு இந்தச் சீட்டைத் தொடவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். முதல் தேர்வு முடிந்து, நான் சொன்னபடியே நடந்ததைப் பார்த்த பிறகுதான் 6, 7 எல்லாம் சீட்டில் வர ஆரம்பித்தது.