சிஎக்ஸ்எல் நினைவகத்துக்கு இறங்கிய பக்கங்கள் திரும்ப டிராமுக்கு ஏறவில்லை, உதவி தேவை

கேள்வி:
லினக்ஸ் 6.6. நினைவகம் இரண்டு நோடுகளாக (தனித்தனித் தொகுதிகளாக) இருக்கிறது: நோடு 0 வேகமான டிராம், நோடு 1 சிபியூ இல்லாத சிஎக்ஸ்எல் நினைவகம் (பிசிஐஇ வழியாக இணையும், டிராமைவிட மெதுவானது). டிமோஷனை (அதிகம் தொடப்படாத பக்கங்களை, அதாவது நினைவகத் துண்டுகளை, மெதுவான நோடுக்கு இறக்குவது) இயக்கியிருக்கிறேன். டிராம் நிரம்பினால் ஆறிப்போன பக்கங்கள் ஒழுங்காக நோடு 1-க்கு இறங்குகின்றன. ஆனால் அதே பக்கங்களை நிரல் மறுபடி எவ்வளவு தொட்டாலும் மேலே வருவதில்லை. கெர்னலின் நினைவகப் புள்ளிவிவரமான விஎம்ஸ்டாட்டில் டிமோட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, ப்ரமோட் சக்சஸ் (மேலேறிய பக்கங்களின் எண்ணிக்கை) பூஜ்யத்திலேயே நிற்கிறது. பேசாமல் பக்கங்களை நோடு மாற்றும் மூவ் பேஜஸ் சிஸ்டம் கால் வைத்து நானே நகர்த்திவிடலாமா?

பதில் 1:
நூமா பேலன்ஸிங் (பக்கங்களைக் கெர்னல் தானாக நோடு மாற்றும் வசதி) மதிப்பைப் பாருங்கள். 1 என்றால், டிராம் நிரம்பியிருக்கும்போது கெர்னல் நகர்த்தாமல் விட்டுவிடும். லினக்ஸ் 5.18-இல் வந்த 2 என்றால் கேஸ்வாப்டியை (நினைவகத்தை விடுவிக்கும் பின்னணிப் பணி) எழுப்பி மேலே இடம் உண்டாக்கும்.

கேட்டவர்:
2-தான் இருக்கிறது. நிரலை நூமாகண்ட்ரோல் கட்டளையில் மெம்பைண்ட் 0,1 என்று (இந்த இரண்டு நோடுகளில் மட்டும் நினைவகம் எடுக்கும் பைண்ட் கொள்கையோடு) ஓட்டுகிறேன். அது காரணமாக இருக்குமா?

பதில் 2:
அதேதான். மேலேற்றம் பேஜ் ஃபால்ட்டை (தடுத்த பக்கத்தை நிரல் தொடும்போது கெர்னலுக்கு வரும் குறுக்கீடு) நம்பி நடக்கிறது. கெர்னல் பிராசஸின் முகவரிகளை ஸ்கேன் செய்து, பேஜ் டேபிளில் (முகவரிக்கும் பக்கத்துக்கும் உள்ள பொருத்தப் பட்டியல்) அணுகலைத் தடுத்துவைக்கும். நிரல் சீக்கிரமே தொட்டு ஃபால்ட் வந்தால் அது சூடான பக்கம். பைண்ட் கொள்கை இருந்தால் இந்த ஸ்கேனே நடக்காது, இடத்தைப் பயனரே முடிவு செய்துவிட்டார் என்று கெர்னல் எடுத்துக்கொள்கிறது. இறக்கம் அப்படியில்லை. அது ரிக்ளெய்ம் (நினைவகத்தை மீட்டு விடுவிக்கும்) பாதையில், பௌதிகப் பக்கத்தை மட்டும் பார்த்து நடக்கிறது. எந்த பிராசஸ் என்ன கொள்கை வைத்திருக்கிறது என்று கேட்பதே இல்லை.

தீர்வு: மெம்பைண்டோடு பேலன்ஸிங் தெரிவையும் கொடுங்கள். அது கொள்கையை அமைக்கும் செட் மெம்பாலிசி சிஸ்டம் காலில் லினக்ஸ் 5.12-இல் சேர்ந்த நூமா பேலன்ஸிங் கொடியைப் போடும்.

மூவ் பேஜஸ் வேண்டாம். எந்தப் பக்கம் சூடு என்பது உங்கள் நிரலைவிடக் கெர்னலுக்குத்தான் நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால் இடைமுகத்தின் உண்மையான குறை வேறு. ஒரே கொள்கை ஏறுவதைத் தடுக்கிறது, இறங்குவதைத் தடுக்கவில்லை. லினக்ஸ் 6.1 முதல் நினைவக அடுக்குகள் (வேகத்தின்படி பிரித்த நோடுகள்) சிஸ்எஃப்எஸ்ஸில், அதாவது கெர்னல் தன் விவரங்களைக் காட்டும் கோப்பகத்தில், தெரிகின்றன, ஆனால் கொள்கையை இன்னும் நோடு எண்ணில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த எண் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். "இந்தத் தரவு தாமதத்தைப் பொறுக்காது" என்று நிரல் சொல்ல வழி இருந்தால் போதும், இடத்தைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும்.

கேட்டவர்:
அருமை, ப்ரமோட் சக்சஸ் ஏறுகிறது! ஆனால் டிமோட்டும் கூடவே அதே வேகத்தில் ஏறுகிறதே?

பதில் 2:
அப்படியென்றால் சூடான பகுதி டிராமில் அடங்கவில்லை, பக்கங்கள் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. ப்ரமோட் ரேட் லிமிட் (மேலேற்றத்தின் வேக வரம்பு) இயல்பாக நொடிக்கு 65536 எம்பி, அதாவது கட்டுப்பாடே இல்லாத மாதிரி. அதை நன்றாகக் குறைத்துவிட்டு இரண்டு எண்ணிக்கையையும் மறுபடி இங்கே போடுங்கள்.