சூளகிரி தாண்டியாச்சா?

குழு: பெரிய வீடு, பென்னாகரம் ரோடு, தருமபுரி

மாலை 5:08 சுமதி: அத்திப்பள்ளி தாண்டிவிட்டோம். பெங்களூர் சில்க் போர்டு நெரிசலிலேயே பாதி உயிர் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டும் பசி பசி என்று அரற்றுகிறார்கள். எங்கே நிறுத்தலாம்?

5:09 பெரியப்பா: எங்கும் நிறுத்த வேண்டாம் கண்ணு. பெரியம்மா களிக்கு நொய் ஊற வைத்தாயிற்று. நாட்டுக்கோழிக் குழம்பு. எட்டு மணிக்குள் வந்துவிடலாம்.

5:10 சுமதி: எட்டு மணி வரை இவர்கள் தாங்க மாட்டார்கள் பெரியப்பா. சின்னவன் ஓசூரில் ஏதோ சிவப்புப் பலகை வரும் என்று ஜன்னலோரம் மாறி உட்கார்ந்திருக்கிறான்.

5:10 நித்யா: கேஎஃப்சி

5:10 நித்யா: என் ஓட்டும் அதற்குத்தான்

5:12 பெரியப்பா: 1995-இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில்தான் இந்தியாவிலேயே முதலில் அந்தக் கடையைத் திறந்தார்கள். சில மாதத்தில் விவசாயச் சங்கத்தார் உள்ளே புகுந்து நொறுக்கினார்கள். நான் அப்போது வேளாண்மைத் துறையில் இருந்தேன். ஆபீஸ் முழுக்க அதே பேச்சு.

5:13 கார்த்தி: நொறுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பக்கெட் வாங்க வரிசையில் நிற்கிறார்கள் பெரியப்பா

5:13 பெரியப்பா: நீ நைட் ஷிஃப்ட் போய்விட்டுத் தூங்காமல் என்ன செய்கிறாய்?

5:14 கார்த்தி: இப்போதுதான் எழுந்தேன். சுமதிக்கா, வழியில்தானே, என் வீட்டுக்கு வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இங்கே அரை பாக்கெட் பிரெட்டும் ஊறுகாயும் மட்டும்தான் இருக்கின்றன.

5:19 செல்வம் மாமா: கிண்டல் இருக்கட்டும். அந்தக் கோழியில் வேலை இருக்கிறது. நம் கடாயில் தொடைக்கறியைப் போட்டால் மேலே கருகிவிடும், எலும்பு ஓரம் சிவப்பாகவே நிற்கும். அதனால்தான் நாங்கள் முதலில் அரை வேக்காடு வேக வைத்துவிட்டுப் பிறகு பொரிப்போம். சாறெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே இறங்கிவிடும். அவர்கள் மூடியைப் பூட்டி, அழுத்தத்தில், எண்ணெயிலேயே வேக வைக்கிறார்கள். சீக்கிரம் வேகும், உள்ளே ஈரம் நிற்கும். 11 மூலிகை ரகசியம் என்று ஊரே பேசுகிறது. என்னைக் கேட்டால் கேஎஃப்சியைத் தொடங்கிய சாண்டர்ஸ் செய்த பெரிய வேலை குக்கரை எண்ணெய்ச் சட்டி ஆக்கியதுதான்.

5:20 செல்வம் மாமா: வீட்டுக் குக்கரில் யாரும் எண்ணெய் ஊற்றி மூடிப் பார்க்காதீர்கள். அது அதற்குச் செய்ததில்லை, வெடித்துவிடும்.

5:20 நித்யா: மாமா, காரிமங்கலத்தில் மெஸ் வைத்துக்கொண்டு இவ்வளவு விவரமா?

5:21 செல்வம் மாமா: தொழில் அம்மா, தொழில்.

5:22 விஜயா அத்தை: தொழில் இல்லை. கிருஷ்ணகிரிக்குக் காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்புவார். பை காலியாக வரும், சட்டையில் மட்டும் கோழி வாசம் அடிக்கும்.

5:22 கார்த்தி: ஐயோ மாமா

5:24 விஜயா அத்தை: அதாவது பரவாயில்லை. போன மாதம் மத்தியானம், மெஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு பையன் பீட்சா டப்பாவோடு கல்லா முன்னால் வந்து நின்று சப்ளையர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். சப்ளையர் திருதிருவென்று விழிக்கிறான். பார்த்தால் இவர் அவன் பெயரில் ஆர்டர் போட்டிருக்கிறார். நம் கடையில் சாப்பாடு நன்றாக இருக்காதா என்று நாலு டேபிளும் திரும்பிப் பார்த்தது.

5:25 செல்வம் மாமா: அது பீட்சா இல்லை. பூண்டு பிரெட். கூடவே சீஸ் கிண்ணம்.

5:25 நித்யா: அதுதான் முக்கியமா மாமா

5:31 சுமதி: உங்கள் பேச்சைப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தேனா, இவர் சிரித்தபடி ஓசூர் மேம்பாலத்தில் ஏறிவிட்டார். சிவப்புப் பலகை கீழேயே போய்விட்டது. சின்னவன் அழுகிறான்.

5:32 பெரியப்பா: நல்லதாய்ப் போயிற்று.

5:33 கார்த்தி: அடுத்து சூளகிரி. அங்கே ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு யோசியுங்கள்.

5:35 விஜயா அத்தை: இந்த ரோட்டில் பித்தளை டபரா வைத்தவன் எல்லாம் கும்பகோணம் டிகிரி காபி. காபி எப்படியோ, டபரா நன்றாகப் பளபளக்கிறது.

5:38 நித்யா: டிரெண்ட் அப்படி அத்தை. எங்கள் காலேஜ் பக்கம் பிரியாணிக் கடை, பரோட்டாக் கடை எதில் நுழைந்தாலும் ப்ளூ மொஜிட்டோ இருக்கிறது. சோடாவில் நீலச் சாயமும் புதினாவும். அப்புறம் மோமோ, கொரியன் நூடுல்ஸ், கிழி பரோட்டா, மந்தி. மந்திக்கு எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும்.

5:39 பெரியப்பா: ஏமன் நாட்டுச் சாப்பாடு அது. தரையில் உட்கார வைத்தால் காசு கூடவா?

5:39 நித்யா: ஆமாம். மெத்தை போடுவார்கள்.

5:44 செல்வம் மாமா: நீங்கள் சிரிக்கிறீர்கள். கடைக்காரன் நிலைமை வேறு. நாலு பையன்கள் வந்து ஷவர்மா இருக்கிறதா என்பான். இல்லை என்றால் அப்படியே எழுந்து போவான், கூட வந்தவன் சாப்பிட இருந்த ரெண்டு பரோட்டாவும் போச்சு. அதற்காக மெஷின் வாங்கினேன். கறியைக் கம்பியில் குத்தி மாலையில் ஏற்றினால், வெளிப்பக்கம்தான் நெருப்பு பார்க்கும். கூட்டம் வந்தால் வெந்தும் வேகாமலும் சீவத் தோன்றும். கூட்டம் வராவிட்டால் மிச்சத்தை நாளைக்கு வைக்கத் தோன்றும். இரண்டும் ஆபத்து. நாமக்கல்லில் 2023-இல் ஒரு சின்னப் பெண் இறந்த செய்தி வந்தபோது எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. மெஷினைத் துணி போட்டு மூடியவன்தான், இன்னும் எடுக்கவில்லை.

5:46 சுமதி: மயோனைஸுக்கும் தடை போட்டார்களே மாமா?

5:48 செல்வம் மாமா: பச்சை முட்டையில் அடிப்பதற்குத்தான். 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை என்று அரசு சொன்னது. முட்டையை வேக வைக்காமல் எண்ணெய் விட்டு அடித்து, வெயிலில் டேபிள் மேல் வைத்தால் கிருமி வளராமல் என்ன செய்யும்? முட்டை இல்லாத மயோனைஸ் பாக்கெட்டில் வருகிறது. இந்த விஷயத்தில் செயின் கடைக்காரனைக் குறை சொல்ல மாட்டேன். அவனிடம் ஃப்ரிட்ஜ் சூடு எழுத ஒரு நோட்டு, எண்ணெய் மாற்ற ஒரு கணக்கு, கை கழுவ ஒரு மணி. என் மாஸ்டரிடம் நோட்டை நீட்டினால் வேலையை விட்டே போய்விடுவான்.

5:49 கார்த்தி: புகை பிஸ்கட்டை விட்டுவிட்டீர்களே

5:50 செல்வம் மாமா: அது சாப்பாடே இல்லை. மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன். ஆவியாகி முடிவதற்குள் வாயில் போட்டால் வயிறு ஓட்டையாகும். 2024-இல் அதிகாரிகள் எச்சரித்த பிறகு இந்தப் பக்கம் கண்ணில் படவில்லை.

6:02 சுமதி: சூளகிரி. காபி குடித்தாயிற்று. டபரா உண்மையிலேயே பளபளப்பு. காபியில் சிக்கரி தூக்கல். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட், இன்னும் அரை மணி நேரம் ஓடும்.

6:04 விஜயா அத்தை: கிருஷ்ணகிரியில் ஏ2பி மாதிரி ஏதாவது ஒரு சைவக் கடையில் நிறுத்து சுமதி. மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் அங்கே நிறுத்தச் சொல்வது முதலில் பாத்ரூமுக்காக. திருப்பதி போகும்போது, மேல்மருவத்தூர் போகும்போது, வழியில் வேறு எங்கே நம்பி இறங்குவது? இறங்கிய மரியாதைக்கு ஒரு மினி டிபன். பிறகு அதுவே ருசிப்பட்டுவிட்டது. குட்டி இட்லி பதினான்கும் சாம்பாரில் மிதந்து வரும், மேலே நெய். மெஸ்ஸில் தினமும் இட்லி ஊற்றுகிறவள் நான், ஆனாலும் அதைப் பார்த்தால் கை நிற்காது.

6:05 நித்யா: மாமாவுக்கு பூண்டு பிரெட், அத்தைக்கு பதினான்கு இட்லி. காரிமங்கலம் மெஸ்ஸில் யார்தான் சாப்பிடுகிறார்கள்?

6:06 செல்வம் மாமா: லாரிக்காரர்கள். அவர்களுக்குத்தான் நாக்கு இருக்கிறது.

6:09 கார்த்தி: என்னுடையதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் முடிந்தால் பர்கர் கடையில் உருளைக்கிழங்கு வறுவலை ஐஸ்க்ரீமில் தோய்த்துச் சாப்பிடுவேன். உப்பும் இனிப்பும் சூடும் குளிரும் ஒரே வாயில். ஒருமுறை நாலு பேராக ஹொசகோட்டே போனோம். அங்கே மட்டன் பிரியாணிக்கு விடிவதற்கு முன்பே பெங்களூர்க்காரர்கள் காரை நிறுத்திவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். பல் தேய்த்தார்களா என்று சந்தேகம்.

6:10 பெரியப்பா: பிரியாணி என்றால் ஆம்பூர். சீரகச் சம்பா, கூட எண்ணெய்க் கத்திரிக்காய். இதே ரோட்டில் சென்னைப் பக்கம் திரும்பினால் போதும், ஹொசகோட்டே எதற்கு?

6:12 செல்வம் மாமா: அண்ணா, சீரகச் சம்பாவை வைத்தே செயின் ஆனவர்களும் இருக்கிறார்கள். திண்டுக்கல்லில் 1957-இல் ஒற்றைக் கடையாகத் தொடங்கியது தலப்பாக்கட்டி. சரவண பவன் 1981-இல் கே.கே. நகரில் ஒரு கடை. செயின் என்றால் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாஸ்டர் கையில் இருந்ததை எந்த ஊர்ப் பையனும் அளந்து போட்டுச் செய்யும்படி எழுதி வைத்தால் அது செயின். எனக்கு அது வரவில்லை. என் சால்னா மாஸ்டர் ஊருக்குப் போனால் சால்னாவும் ஊருக்குப் போய்விடும்.

6:15 சுமதி: என் ஆபீஸ் பக்கத்தில் சிறுதானியக் கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். களியைத் தட்டில் வைத்து, சுற்றிலும் நாலு கிண்ணம், முந்நூறு ரூபாய்க்கு மேல். உருண்டை எலுமிச்சம்பழம் அளவு. பக்கத்து டேபிளில் ஒரு பெண் அதை ஸ்பூனால் வெட்டி மென்று கொண்டிருந்தாள்.

6:16 பெரியப்பா: மென்றாளா?

6:16 பெரியம்மா: களியை மெல்லவா? விழுங்குவதல்லவா!

6:17 கார்த்தி: பெரியம்மாவும் குழுவில் இருக்கிறாரா!

6:21 பெரியப்பா: 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதே ஆண்டில்தான் நம் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள். நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நான் வேலையில் இருந்த காலத்தில், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் களிச் சட்டியை மறைத்துவிட்டு அரிசி கடன் வாங்க ஓடுவார்கள். களி தின்கிற வீடா என்று சம்பந்தம் தட்டிப்போனதும் உண்டு. இப்போது அதே களியைப் பெங்களூரில் படம் எடுத்துப் போடுகிறார்கள். எனக்குக் கோபம் இல்லை. விற்கட்டும். ஆனால் அந்த முந்நூறில் பென்னாகரத்துக் காட்டில் கேழ்வரகு போட்டவனுக்கு எவ்வளவு வந்தது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

6:23 விஜயா அத்தை: மாம்பழமும் அதே கதைதான் அண்ணா. நம் கிருஷ்ணகிரி பெங்களூராப் பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்து அனுப்புகிறார்கள். டிசம்பரில் ஏதோ ஒரு ஊரில் ஏசியில் உட்கார்ந்து மாங்கோ ஷேக் குடிக்கிறவனுக்கு எங்கள் தோட்டத்து லாரி தெரியுமா?

6:24 நித்யா: ஆனால் ஷேக் நன்றாக இருக்கும் அத்தை

6:24 விஜயா அத்தை: நன்றாக இருக்கும்தான். இல்லை என்று யார் சொன்னது?

6:36 சுமதி: கிருஷ்ணகிரி டோல்கேட். வண்டி வரிசை நீளம். முடிவு சொல்லுங்கள். இவர் பிரியாணி என்கிறார், பெரியவள் பொடி இட்லி என்கிறாள், சின்னவன் கோழி.

6:37 கார்த்தி: பொடி இட்லி வேண்டாம். பெங்களூரில் ஒரு கடை கிளப்பிவிட்டது, இப்போது எல்லா ஊரிலும் இட்லியை நெய்க் குளத்தில் தள்ளுகிறார்கள். ருசிதான், ஆனால் அதற்குப் பிறகு களி இறங்காது.

6:38 விஜயா அத்தை: தண்ணீர் பாட்டிலைக் கேட்காமல் கொண்டு வந்து வைப்பார்கள், வேண்டாம் என்று உடனே சொல்லிவிடு. போன முறை ஒரு கடையில் திறக்காத பாட்டில் இரண்டு பில்லில் ஏறியிருந்தது. ஐந்து சதவீத ஜிஎஸ்டி போடுவான், அது சரி. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக இருந்தால் எடுக்கச் சொல், அது கட்டாயம் இல்லை.

6:41 பெரியப்பா: சின்னவன் அழுகிறான் என்றால் அந்தக் கோழியையே வாங்கிக் கொடுத்துவிடு கண்ணு. குழந்தையை ஏன் வாட்ட வேண்டும்?

6:42 நித்யா: பெரியப்பாவா இது

6:44 பெரியப்பா: வாங்குவதுதான் வாங்குகிறாய், எலும்பில்லாதது ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கிவிடு. காரம் குறைவாக. பார்சல்.

6:44 கார்த்தி: யாருக்குப் பெரியப்பா?

6:45 பெரியப்பா: வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

6:45 பெரியம்மா: நான் கேட்கவில்லை.

6:46 செல்வம் மாமா: அண்ணா, மூடியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். டப்பாவை மூடினால் ஆவியில் மேல் மாவு நமத்துவிடும். தருமபுரி வருவதற்குள் கறுமுறு போய்விடும்.

6:47 பெரியப்பா: சுமதி, மாமா சொல்வதைக் குறித்துக்கொள்.

7:12 சுமதி: ஆயிற்று. கோழி, பார்சல், எல்லாம். காவேரிப்பட்டினம் தாண்டுகிறோம். டப்பா திறந்திருக்கிறது, கார் முழுக்க வாசம், அடுத்த டப்பாவில் கை வைக்கிறார்கள்.

7:13 பெரியப்பா: தடுத்து வை.

7:15 பெரியம்மா: சுமதி, தொப்பூர் வரை போய்விடாமல் ஊருக்குள் திரும்பச் சொல் மாப்பிள்ளையை. நீ காரிமங்கலம் வந்ததும் போன் செய், அப்புறம்தான் மாவு போட்டுக் கிண்டுவேன். முன்னாலேயே கிண்டினால் இறுகிப்போகும். பிள்ளைகளுக்குச் சின்ன உருண்டையாகப் பிடிக்கிறேன். மாப்பிள்ளைக்கு ரெண்டு.

7:16 கார்த்தி: பெரியம்மா, எனக்கும் ரெண்டு உருண்டை தண்ணீரில் போட்டு வையுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தால் போதும்.

7:17 பெரியம்மா: சின்ன வெங்காயம் தீர்ந்துவிட்டது. வரும்போது பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ வாங்கி வா.