கால் பங்கு அளவு ஜே-3 கப் மாதிரி விமானம்: 20 சிசி டூ ஸ்ட்ரோக்கா, 30 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கா?

வணக்கம் நண்பர்களே. நான் கட்டுவது ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானம்: 1:4 அளவு பைப்பர் ஜே-3 கப். இறக்கை நீளம் சுமார் 2.7 மீட்டர், பறக்கும் எடை 8 கிலோவுக்குள். என்ஜின் மட்டும் முடிவாகவில்லை.

20 சிசி பெட்ரோல் டூ ஸ்ட்ரோக்கே இதைத் தூக்கிவிடும். ஆனால் அதற்குப் பலம் வருவது அதிக ஆர்.பி.எம்.மில், 16×8 அல்லது 17×6 ப்ரொப்பெல்லரோடு (விட்டம் × பிட்ச், அங்குலத்தில்) நிற்கும். கப்பின் அகலமான மூக்கு இந்த விட்டத்தில் கணிசமான பகுதியை மறைத்துவிடும். 30 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் 18×8ஐ நிதானமாகச் சுற்றும், சத்தமும் அசலுக்கு நெருக்கம். எடை கூடுதல்தான், ஆனால் கப்புக்கு மூக்கு குட்டை, சமநிலைக்காக எப்படியும் முன்னால் ஈயம் வைக்க வேண்டும். அந்த எடை என்ஜினாகவே இருக்கட்டுமே!

குளோ என்ஜின் (மெத்தனால் கலவையில் ஓடுவது) வேண்டாம். தலைகீழாகப் பொருத்தினால் எரிபொருள் சிலிண்டருக்குள் தேங்கும், ஐடிலில் அணையும், விமானத்தின் மேல்துணியெல்லாம் எண்ணெய். பம்ப் உள்ள பெட்ரோல் கார்புரேட்டருக்கு டேங்க் உயரம் அவ்வளவு முக்கியமில்லை என்பதும் வசதி.

கேள்விகள்: சிலிண்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால், அசல் கப்பில் சிலிண்டர் துருத்தும் இடத்திலேயே வரும். அப்படிப் பொருத்தியவர்களுக்கு அதிர்வில் ஃபயர்வால் (என்ஜினைத் தாங்கும் முன்பலகை) போல்ட் தளர்ந்ததா? சைலன்சரை கவுலிங்குக்குள் (என்ஜின் மூடிக்குள்) அடக்க முடிந்ததா? சூடான காற்று வெளியேறும் வாயை, காற்று நுழையும் வாயைப் போல எத்தனை மடங்கு வைத்தீர்கள்? இக்னிஷன் பேட்டரியை ரிசீவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.