உடைந்த படியில் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார்கள், விழுந்து கை முறிந்துவிட்டது. வழக்குப் போடலாமா?

ஊசிநூல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் தையல் வேலை செய்கிறவள். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு, அடுத்த வேலைக்கான துணிமூட்டையோடு இறங்கினேன். கீழிருந்து நான்காவது படியில் டைல்ஸ் பெயர்ந்து, படியின் விளிம்பே உடைந்து கிடந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது, ஏனென்றால் அதன்மேல் யாரோ ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் மிதியடி மாதிரிதான் இருந்தது. கால் வைத்ததும் சாக்கு முன்னால் நழுவியது, நான் வலது கையை ஊன்றி விழுந்தேன்.

மணிக்கட்டில் பிளேட் வைத்து ஆறு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். இப்போது கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழைகிறது, ஆனால் அழுத்த முடியவில்லை. இரண்டு மடிப்புத் துணியைக்கூட நேராக வெட்ட வரவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கிறது, கை துணியைத் தள்ள மாட்டேன் என்கிறது. வாங்கி வைத்திருந்த வேலைகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கட்டட உரிமையாளர் பக்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கொடுத்துவிடுகிறோம், இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். "இனி இது சம்பந்தமாக எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

என்னைக் குழப்புவது மூன்று விஷயம். சாக்கு கண்ணுக்குத் தெரியும்படிதானே கிடந்தது, பார்த்து நடந்திருக்க வேண்டும் என்பார்களே? இரண்டு கையிலும் மூட்டை இருந்ததால் கைப்பிடியை நான் பிடிக்கவில்லை. அதோடு, ஆஸ்பத்திரியில் என் மகன் பதற்றத்தில் "மாடிப்படியில விழுந்துட்டாங்க" என்று சொல்ல, கேஸ் ஷீட்டில் "வீட்டு மாடிப்படியில் வழுக்கி" என்று எழுதிவிட்டார்கள். இதை நேற்றுதான் கவனித்தேன். இதற்கு மேல் வழக்கு நிற்குமா?

பழைய குமாஸ்தா:

அம்மா, வக்கீல் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வக்கீல் இல்லை, அதனால் நான் சொல்வதை வைத்து ஒரு வக்கீலிடம் போய்ப் பேசுங்கள். அந்தக் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நாளைக்குப் பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வந்தால், மணிக்கட்டு பழைய நிலைக்குத் திரும்பாமலே போனால், அந்த ஒரு வரி உங்கள் வாயை அடைத்துவிடும்.

அடுத்தது சாக்கு. உங்களுக்கு எதிராகப் போகும் என்று நீங்கள் நினைக்கிற அந்தச் சாக்குதான் உங்கள் பக்கத்துச் சாட்சி. இந்த மாதிரி வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் சொல்வது, "படி உடைந்தது எங்களுக்குத் தெரியாது, அன்றைக்குத்தான் உடைந்திருக்கும்" என்பது. தெரியாத படியின் மேல் சாக்கை நான்காக மடித்துப் போடுவது யார்? போட்டவர் அங்கே வேலை செய்கிறவர் என்று காட்ட முடிந்தால், படி உடைந்தது தெரியும், சரிசெய்யவில்லை, கயிறு கட்டவில்லை, எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை, அதற்கு மேல் பள்ளத்தை மூடி மறைத்தும் விட்டார்கள் என்று ஆகிவிடும். காவலாளியோ துப்புரவு வேலை செய்கிறவரோ போட்டிருந்தால், அவரை வேலைக்கு வைத்தவர் தலையில்தான் பொதுவாகப் பொறுப்பு விழும்.

வாதி நிரூபிக்க வேண்டியது நான்கு: நம்மிடம் கவனமாக நடக்கும் கடமை அவர்களுக்கு இருந்தது, அதில் தவறினார்கள், அந்தத் தவறால்தான் அடிபட்டது, அதனால் இன்ன நஷ்டம். 1932இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புச் சொன்னது. ஸ்காட்லாந்தில் ஒரு பெண் ஜிஞ்சர் பீர் குடித்தபோது பாட்டிலுக்குள் அழுகிய நத்தை இருந்ததாக வழக்கு. அவர் பாட்டிலை வாங்கவே இல்லை, தோழி வாங்கிக் கொடுத்தது. ஆனாலும், நம் செயலால் யாருக்குப் பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே தெரிகிறதோ அவர்களிடம் கவனமாக நடக்கும் கடமை நமக்கு உண்டு என்று தீர்ப்பானது. இங்கிலாந்துச் சட்ட மரபில் வந்த பல நாடுகளில் கவனக்குறைவு வழக்குக்கு அதுதான் அஸ்திவாரம். "நீங்கள் எங்கள் வாடகைதாரர் இல்லையே" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். அந்தப் படியில் யார் யார் ஏறி இறங்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

கைப்பிடி விஷயத்தை மறைக்காதீர்கள். அந்தக் காலத்தில் நம் பக்கம் துளி தவறு இருந்தாலும் வழக்கு தள்ளுபடிதான். இங்கிலாந்தில் 1945இல் வந்த சட்டம் அதை மாற்றி, தவறின் பங்குக்கு ஏற்ப நஷ்டஈட்டைக் குறைத்தால் போதும் என்று ஆக்கியது. இன்று பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். அமெரிக்காவில் மேரிலாந்து, வர்ஜீனியா, அலபாமா, வட கரோலினா மாதிரிச் சில மாநிலங்களில் மட்டும் பழைய முறை இன்னும் இருக்கிறது. உங்கள் இடத்தில் எது என்று வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள்.

கேஸ் ஷீட்தான் எனக்குக் கவலை. குறுக்கு விசாரணையில் அந்த "வீட்டு" என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார்கள். அதை அடிக்கவோ திருத்தவோ யாரையும் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, தகவல் சொன்னவர் மகன், அவர் சம்பவ இடத்தில் இல்லை, நடந்தது இன்ன இடத்தில் என்று குறிப்புச் சேர்க்கக் கேளுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். உங்களைத் தூக்கிவிட்டவர் யார்? ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் போனீர்கள்? அந்த இரண்டு பேரும் முக்கியம்.

நடைக்கோல்:

அக்கா, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலை நடக்கும் இடத்தில் மூடாமல் விட்ட குழியில் விழுந்து கணுக்கால் போனது. வழக்கு முடிய நான்கு வருஷம் ஆனது. அடிபட்டதை நிரூபிக்க எக்ஸ்ரே இருந்தது. அதனால் என்ன இழந்தேன் என்பதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமே இல்லை, அதுதான் என்னை வாட்டியது.

நீங்கள் இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, தேதி போட்டு எழுத ஆரம்பியுங்கள். எத்தனை மணிக்கு வலி எழுப்பியது, தலை பின்ன யார் உதவி வேண்டியிருந்தது, எந்த வேலையைத் திருப்பிக் கொடுத்தீர்கள், பிசியோதெரபிக்குப் போக வர யார் லீவு போட்டார்கள். மேலே கத்தரிக்கோலைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதே மாதிரி எழுதுங்கள். "வலியாக இருந்தது" என்று நான் நாற்பது நாள் எழுதி வைத்தது எதற்கும் உதவவில்லை. "சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியாமல் மகளைக் கூப்பிட்டேன்" என்ற ஒரு வரியைத்தான் நீதிபதி திரும்பப் படிக்கச் சொன்னார்.

துணி கொடுத்தவர்களின் அளவு நோட்டு, ரசீது, போனில் வந்த ஆர்டர் செய்தி எதையும் அழிக்காதீர்கள். கணக்குப் புத்தகம் இல்லாத நமக்கு வருமானத்தைக் காட்ட அவைதான் ஆதாரம். விசேஷங்களில் எடுக்கிற போட்டோவை வெளியே போடாதீர்கள். நான் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு படத்தைக் காட்டி, "வலிக்கிறவர் இப்படி நிற்பாரா" என்று கேட்டார்கள். அன்றைக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு நின்றேன் என்பது படத்தில் தெரியாதே.

வழிப்போக்கன்:

வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதைவிட, கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பது நல்லது. என் அனுபவம் அப்படி.

பழைய குமாஸ்தா:

தம்பி, சமரசம் தப்பே இல்லை. இந்த மாதிரி வழக்குகளில் நிறைய கோர்ட்டுக்கு வெளியேதான் முடிகின்றன. ஆனால் கை எந்த அளவுக்குத் தேறும் என்று டாக்டரே இன்னும் சொல்லாதபோது என்ன தொகைக்குச் சமரசம் பேசுவது? உழைத்துச் சாப்பிடுகிறவர் வலது கையை ஆஸ்பத்திரி பில்லோடு சரிக்கட்டச் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கவும் கூடாதம்மா. காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. உடல் காயத்துக்கு இங்கிலாந்தில் பொதுவாக 3 வருஷம், கலிஃபோர்னியாவில் 2, டென்னஸியில் 1 வருஷம்தான். அரசுக் கட்டடமாக இருந்தால் இன்னும் குறையலாம். கலிஃபோர்னியாவில் அரசு அமைப்பிடம் 6 மாதத்துக்குள் கோரிக்கை கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது. அந்த வளாகம் யார் பெயரில் இருக்கிறது, பராமரிப்பை யாரிடம் விட்டிருக்கிறார்கள் என்று இந்த வாரமே விசாரியுங்கள். உரிமையாளர், பராமரிப்பவர் இருவருக்கும் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டித் தப்பிப்பார். நோட்டீஸில் சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்றும் எழுதச் சொல்லுங்கள். ஐந்து மாதத்துப் பதிவு இன்னும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனாலும் கேட்டு வைக்க வேண்டும்.

ஊசிநூல்:

ஐயா, தம்பி, இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மகனோடு அங்கே போனேன். சாக்கு இல்லை. நான்காவது படியில் மட்டும் புது டைல்ஸ், சுற்றிலும் சிமெண்ட் இன்னும் வெளுப்பாக இருக்கிறது. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, ஆதாரமே போய்விட்டதே என்று. என்னைத் தூக்கிவிட்ட முதல் மாடி அக்காவைப் பார்த்தேன். அன்றைக்கு நான் விழுந்த இடத்தை என் மகனுக்குக் காட்டுவதற்காகப் போனில் ஒரு படம் எடுத்தாராம், பதற்றத்தில் அனுப்பவில்லையாம். அதில் படி உடைந்திருப்பதும், இரண்டு படி கீழே சாக்கு விரிந்து கிடப்பதும் தெரிகிறது. என் துணிமூட்டையும் ஓரத்தில் இருக்கிறது.

பழைய குமாஸ்தா:

அம்மா, இதைவிட நல்ல செய்தி இல்லை. புது டைல்ஸையும் படம் எடுத்து வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பிறகு சரிசெய்ததையே தவறை ஒப்புக்கொண்டதாகப் பல நீதிமன்றங்கள் எடுப்பதில்லை. அமெரிக்காவில் மத்திய சாட்சிய விதி 407 அதற்கென்றே இருக்கிறது, இல்லாவிட்டால் யாருமே பழுது பார்க்க மாட்டார்கள் என்பதால்.

அந்த அக்காவின் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள். எடுத்த தேதி, நேரம் போன்ற விவரங்கள் உதிர்ந்துவிடும். பென் டிரைவிலோ, டாக்குமெண்ட்டாகவோ மூலக் கோப்பை அப்படியே வாங்குங்கள். வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டாம். வழக்கு முடிகிறவரை அந்தப் போனை விற்றுவிட வேண்டாம், படத்தை அழித்துவிட வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.