வாட்ச்மேன் அண்ணனுக்கு சுகர் இறங்கிய ராத்திரி

செங்குன்றம் பக்கம் ஒரு குடோனுக்கு நான் செக்யூரிட்டி சூப்பர்வைசர். இரவு 8 முதல் காலை 8 வரை அங்கே ஒரே ஆள்தான், 54 வயது அண்ணன். போன வருடம் ஒரு நாள் ராத்திரி 10 மணி இருக்கும், லாரி டிரைவர் போன் செய்து, “உங்க வாட்ச்மேன் தண்ணி போட்டுட்டு உளர்றாரு” என்றார். கோபத்தோடு வண்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால் சட்டை முழுக்க வியர்வை, கை நடுங்குகிறது, சாராய வாடையே இல்லை. என் அம்மா சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர் என்பதால் புரிந்துவிட்டது, ரத்தத்தில் சுகர் இறங்கியிருக்கிறது. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில், “தம்பி, நீ எப்ப வந்த?” என்றார்.

ஏழரைக்கு வீட்டில் இன்சுலின் போட்டிருக்கிறார், வந்ததும் லோடு இறங்கியிருக்கிறது, டிபன் பாக்ஸ் திறக்கவே இல்லை. சர்க்கரை நோய் இருப்பதை இரண்டு வருடமாக மறைத்திருக்கிறார். “சொன்னா வேற ஆளைப் போட்டுடுவீங்கன்னு பயம்” என்றார். உண்மையாகவே போட்டிருப்பேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அவரை மாற்றவில்லை. இப்போது ஊசி போட்டால் முதலில் சாப்பாடு, அதுவரை லாரி நிற்கட்டும் என்று லோடு ஆட்களிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட். 10, 12, 2, 4 மணிக்கு போன் செய்வோம், இரண்டு தடவை எடுக்கவில்லை என்றால் பக்கத்து குடோன் வாட்ச்மேன் போய்ப் பார்ப்பார். அவரிடம் விஷயத்தைச் சொல்லலாமா என்று அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தால் அவர் எப்படி நுழைவார் என்பது முதலில் தோன்றவே இல்லை, அப்புறம்தான் சின்னக் கதவுக்கு இன்னொரு சாவி போட்டோம். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

*

சூப்பர்வைசர் சார், நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் ஞாபகம்தான் வந்தது. அவருக்கு வலிப்பு உண்டு. விடியற்காலையில் தனியாக மோட்டார் போடுவார், தொட்டி கழுவ ஏணியிலும் ஏறுவார். இப்போது ஏணி வேலைக்கு வேறு ஆள், வால்வு திறப்பது மட்டும் அவர். மோட்டார் ரூமுக்கு எதிர்வீட்டு அக்காவிடம், வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காதீர்கள், பக்கவாட்டில் திருப்பிவிட்டு மணியைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108 என்று சொல்லியிருக்கிறோம். அந்த அக்கா தினமும் கோலம் போட்டுவிட்டு ஒரு எட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் போகிறார்.