பேக்லிங்க் போட ப்ராக்ஸி வாங்கலாமா?

உப்புவெளிப் பொடியன்:
உப்புவெளியில் மாமாவின் விடுதி, ஆறு அறை. இணையத்தளத்தை நான்தான் பார்க்கிறேன். மே மாத சீசனுக்கு முன் கூகுளில் மேலே வர வேண்டும் என்று மாமா நெருக்குகிறார். முகநூலில் கதைத்த ஒருத்தர், மென்பொருளால் ஐந்நூறு பேக்லிங்க் (மற்றத் தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) போட்டுத் தருவாராம். "ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி, ஒவ்வொன்றும் வேறு ஐபியிலிருந்து போகும், கூகுளுக்குத் தெரியவே வராது" என்கிறார். ப்ராக்ஸி, அதாவது நம் இணைய முகவரியை (ஐபி) மறைத்து வேறொன்றைக் காட்டும் இடைவழி, அதற்குத் தனிக் காசு. உண்மையா? நானே ப்ராக்ஸி வாங்கிச் செய்தால் மலிவாக முடியுமா?

கடலோடி:
சர்வர் நிலையங்களின் ஐபியைக் காட்டும் டேட்டாசென்டர் ப்ராக்ஸி வாங்காதீங்கோ. மலிவுதான், ஆனால் அந்த ஐபிகளில் நிறைய ஏற்கனவே கறுப்புப் பட்டியலில் இருக்கும். கணக்குத் திறக்கப் போனாலே கேப்ட்சா மேல் கேப்ட்சா. செய்வதென்றால் வீட்டு இணைப்புகளின் ஐபியைக் காட்டும் ரெசிடென்ஷியல்தான்.

கோணமலை வெப்:
தம்பி, ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். கடலோடி சொல்வது கணக்குத் திறக்கும் வாசல்வரை சரி. அதற்கு அப்பால் ப்ராக்ஸிக்கு வேலையே இல்லை. நீங்கள் ஒரு தளத்தில் கருத்துப் போட்டால் உங்கள் ஐபி தெரிவது அந்தத் தளத்தின் சர்வருக்கு. ப்ராக்ஸி மறைப்பதும் அவர்களிடமிருந்துதான். கூகுளின் போட் (பக்கங்களைப் படிக்கும் நிரல்) பிறகு வந்து படிக்கும் பக்கத்தில் ஐபி எழுதியிருக்காது. அது பார்ப்பது இணைப்பை: எந்தத் தளம், சுற்றிலும் என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சொல்லில் இணைப்பு. ஐந்நூறும் ஒரே வாரத்தில் "திருகோணமலை பீச் ஹோட்டல்" என்ற ஒரே சொல்லில் வந்து நின்றால், ஐபியை எத்தனை தரம் மாற்றி என்ன?

வாடிக்கையாளர் தளங்களின் கருத்துப் பெட்டிகளைத் துப்புரவாக்குவதும் என் வேலை. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பற்றிய பதிவின் கீழே "அருமையான தகவல், நண்பர்களுடன் பகிர்வேன்" என்று ஒரு கருத்து வரும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "மலிவு டயர்". சற்று நேரத்தில் அதே வரி பிரேசில் ஐபியிலிருந்து, பிறகு வியட்நாமிலிருந்து. ஊர் மாறும், வரி மாறாது. எல்லாம் குப்பைக்குப் போகும். தப்பி நிற்பதற்கும் வேர்ட்பிரஸ் தானாகவே நோஃபாலோ (இந்த இணைப்பைத் தேடல் தரத்துக்குக் கணக்கில் எடுக்காதே என்ற குறி) போட்டுவிடும். 2005இல் அந்தக் குறியைக் கொண்டுவந்ததே கருத்துப்பெட்டிக் குப்பைக்காகத்தான்.

2012 ஏப்ரலில் கூகுளின் பெங்குவின் என்ற தேடல் மாற்றம் வந்தபோது இப்படி இணைப்பு குவித்த தளங்கள் சரிந்தன. 2016 முதல் பெரும்பாலும் அந்த இணைப்புகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதாவது கொடுத்த காசு கடலில். ஆட்கள் பார்த்துத் தரும் தண்டனையும் இன்னும் இருக்கிறது, வந்தால் சேர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்பவருக்குக் கூகுள் தரும் இலவசக் கருவி) தெரியும்.

எனக்குக் கோபம் வருவது ரெசிடென்ஷியல் என்ற சொல்லைக் கேட்டால். அந்த ஐபி யாரோ ஒருவருடைய வீட்டுடையது. சம்மதம் வாங்கிச் செய்யும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 வலையமைப்பைப் பாருங்கள். இலவச விபிஎன் செயலிகள் வழியாக ஆட்களின் கணினிக்குள் புகுந்து, அவர்களுக்கே தெரியாமல் 1.9 கோடிக்கும் மேலான ஐபிகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். மாமாவின் ஆறு அறையை நிரப்ப அப்படி ஒரு வீட்டு இணைப்பு வேண்டுமா?

அந்த நேரத்தில் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள புறாத்தீவு பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். 2003இலிருந்து தேசியப் பூங்கா என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். விருந்தினர் மாமாவிடம் கேட்பதை எழுதுங்கள்: நிலாவெளியில் டிக்கெட் எங்கே வாங்குவது, படகுக்கு எவ்வளவு, எந்த மாதம் தண்ணீர் தெளிவு, கரும்துடுப்புச் சுறா கடிக்குமா, பவளத்தை மிதிக்காமல் எப்படி நீந்துவது. பிறகு நீங்கள் ஆள் அனுப்பும் டைவிங் நிலையத்திடமும் திமிங்கலம் காட்டும் படகுக்காரரிடமும் அவர்கள் தளத்தில் அதை இணைக்கச் சொல்லுங்கள். அப்படி நாலு இணைப்பு வந்தாலும் போதும், அவற்றைப் பார்த்து உண்மையிலேயே ஆள் வரும்.

உப்புவெளிப் பொடியன்:
நன்றி அண்ணா. அவரை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்களுக்கு ஜெர்மன்காரர்தான் அதிகம். அங்கிருந்து தேடினால் எங்கள் தளம் எங்கே நிற்கிறது என்று பார்க்கவாவது ப்ராக்ஸி வேண்டாமா?

கோணமலை வெப்:
அதற்குப் பாவிப்பதில் பிழையில்லை, ஆனால் தேவையும் இல்லை. கூகுள் தேடல் அமைப்பில் பிராந்தியத்தை ஜெர்மனி என்று மாற்றிப் பாருங்கள், கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். இன்னும் சரியாக வேண்டுமென்றால் சேர்ச் கன்சோலில் நாடு வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதும் இருக்கும். சரி, அப்படியே புறாத்தீவுப் பக்கத்தை ஜெர்மனிலும் போடுங்கள். வழக்கமாக வரும் விருந்தினர் யாரையாவது பிழை திருத்தித் தரச் சொல்லுங்கோ.