சிலிகா ஏரி: காளிஜாய், பறவைகள், டால்பின் மூன்றையும் இரண்டு நாளில் பார்க்க முடியுமா?

நெய்தல்நிலம் கேட்டது:

வணக்கம். ஜனவரி மூன்றாம் வாரம் நான்கு பேராக ஒடிசாவில் இருக்கும் பூரிக்குப் போகிறோம். அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி உண்டு. சிலிகாவுக்கு இரண்டு நாள் ஒதுக்க முடியும். காளிஜாய் கோயில், நளபானா பறவைகள், டால்பின் மூன்றும் வேண்டும். பூரியிலேயே தங்கி சாதபடா போனால் ஒரே படகில் எல்லாம் காட்டிவிடுவார்கள் என்று டிராவல்ஸில் சொல்கிறார்கள். நம்பலாமா? காளிஜாய் கதை தெரிந்தவர்கள் அதையும் சொன்னால் அம்மாவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

உப்பங்கழி:

ஒரே படகில் நடக்காது. சிலிகா மழைக்காலத்தில் 1,165 சதுர கி.மீ. வரை விரிகிறது, கோடையில் 900 சொச்சத்துக்குச் சுருங்குகிறது. எதைப் பார்க்க வேண்டுமோ அதற்கான கரைக்குப் போக வேண்டும்.

டால்பினுக்கு சாதபடா. பூரியிலிருந்து சுமார் 50 கி.மீ. ஏரி கடலோடு சேரும் வாய்க்கால் அந்தப் பக்கம்தான், ஐராவதி டால்பின்கள் அங்கேதான் அதிகம். காளிஜாய்க்கும் நளபானாவுக்கும் பார்குல். அது மேற்குக் கரையில், தேசிய நெடுஞ்சாலை 16-ஐ ஒட்டி, பாலுகாவ் ரயில் நிலையத்திலிருந்து 6 கி.மீ. பூரியிலிருந்து சாலை வழியாக ஏரியைச் சுற்றிக்கொண்டு வர சுமார் 150 கி.மீ. ஆகும். அதனால் இரண்டு நாளும் பூரியில் தங்குவது வீண். முதல் நாள் அறையைக் காலி செய்து சாமான்களோடு கிளம்புங்கள். காலை சாதபடாவில் படகு, மதியச் சாப்பாடு, பிறகு காரில் பார்குல் போய் இரவு தங்கல். அரசு சுற்றுலாக் கழகத்தின் பாந்தநிவாஸ் விடுதி படகுத் துறையிலேயே இருக்கிறது. மறுநாள் காலை நளபானா, காளிஜாய் இரண்டையும் ஒரே படகில் முடிக்கலாம், நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். பாலுகாவ் சென்னை-ஹவுரா பாதையில் இருப்பதால் அங்கிருந்தே ஊர் திரும்பலாம். உங்கள் ரயில் பாலுகாவில் நிற்காவிட்டால் பிரம்மபூரில் ஏறிக்கொள்ளுங்கள்.

நளபானாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 15.53 சதுர கி.மீ. சரணாலயம், 1987-இல் அறிவிக்கப்பட்டது. மழையில் மூழ்கி, குளிர்காலத்தில் நீர் வடிந்ததும் வெளியே வரும் நாணல் தீவு. இறங்க அனுமதி இல்லை. பூநாரைக் கூட்டம் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும். கிட்டத்தில் பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள். அவர்களுக்கு வடகரையில் தாங்கி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மங்களஜோடிதான் சரி. அங்கே கழி ஊன்றித் தள்ளும் மரப் படகுதான், மோட்டார் கிடையாது. கருவால் மூக்கன், ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலத் தாழைக்கோழி எல்லாம் படகுக்குச் சில அடி தூரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர்போன கிராமம் அது. அந்த வேட்டைக்காரர்களே இன்று காவலர்கள், வழிகாட்டிகள். என்னைக் கேட்டால் நளபானாவை விட்டுவிட்டு மங்களஜோடி போகச் சொல்வேன். பார்குலில் இருந்து விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் அதை முடித்துவிட்டு காளிஜாய்க்குத் திரும்பலாம்.

கழிமுகம்:

காளிஜாய் கதை. பாணப்பூர்ப் பக்கத்துப் பெண் ஜாய். ஏரிக்கு அப்பால் இருக்கும் பாரிகுட் தீவில் கல்யாணம் நிச்சயமாகிறது. அப்பாவோடு படகில் புறப்படுகிறாள். நடு ஏரியில் புயல் அடித்துப் படகு கவிழ்கிறது. மற்றவர்கள் பிழைக்கிறார்கள், ஜாய் மட்டும் கிடைக்கவேயில்லை. பிறகு அந்த இடத்தைக் கடந்த படகோட்டிகளுக்கு அவள் குரல் கேட்டதாம். காளியோடு சேர்த்து அவளைக் காளிஜாய் என்று வணங்கத் தொடங்கினார்கள். ஏரியைக் கடப்பவர்களுக்கு இன்றும் அவள்தான் காவல். கதை சொல்லும் விதம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

இந்தக் கதையை ஏரியின் இயல்போடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. கரைக்கும் பாரிகுட்டுக்கும் நடுவே இருப்பது பரந்த திறந்தவெளி நீர், ஒதுங்க மறைவு குறைவு. பல இடங்களில் ஆழம் இரண்டு மீட்டர்கூட இல்லை. ஆழமில்லாத நீரில் காற்று அடித்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வரும், தட்டையான அடிப்பகுதி உள்ள படகு அதில் தடுமாறும். தலைமுறை தலைமுறையாக அந்தத் துறையைக் கடந்தவர்கள் அந்த இடத்தில் ஒரு தெய்வத்தை வைத்தது சும்மா இல்லை. மார்ச்சுக்கு மேல் பிற்பகல் காற்று பலமாக இருக்கும். ஜனவரியில் ஏரி பொதுவாக அமைதிதான், காலையில் மூடுபனிதான் தொல்லை. பனி விலகும்வரை படகை எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ஏரியே பிறந்த கதையும் உண்டு. ரக்தபாகு என்ற அரசன் பூரியைக் கொள்ளையடிக்கப் பெரிய கப்பல் படையோடு வந்து, கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒளிந்து நின்றான். கப்பல்களின் குப்பை கரையில் ஒதுங்க, ஊர்க்காரர்கள் உஷாராகித் தப்பிவிட்டார்கள். கடல்தான் காட்டிக்கொடுத்தது என்று அவன் கடலையே தாக்க, கடல் விலகி வழிவிட்டு, பிறகு பொங்கி வந்து படையை மூழ்கடித்தது. அப்படி உள்ளே வந்து தங்கிய நீர்தான் சிலிகா என்பார்கள்.

மகர சங்கராந்திக்குக் காளிஜாய் தீவில் மேளா, ஏகக் கூட்டம். நீங்கள் மூன்றாம் வாரம் போவது நல்லதாயிற்று.

நெய்தல்நிலம்:

இருவருக்கும் நன்றி. மங்களஜோடி, காளிஜாய் என்றே முடிவு செய்துவிட்டோம். அம்மா படகில் ஏறி இறங்குவது எப்படி? டால்பின் கட்டாயம் தெரியுமா?

துடுப்பு:

ஏறி இறங்குவதில்தான் சிரமம். துறைக்கும் படகு விளிம்புக்கும் ஓரடி, ஒன்றரை அடி உயர வித்தியாசம் இருக்கும். படகோட்டியைப் படகைப் பக்கவாட்டில் ஒட்டிக் கட்டச் சொல்லுங்கள். ஒருவர் முதலில் உள்ளே இறங்கி நிற்க, ஒருவர் துறையில் நிற்க, அம்மா இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடுப்பலகையில் கால் வைக்கட்டும். விளிம்பை மிதித்தால் படகு சாயும். மங்களஜோடிப் படகு தாழ்வானது, காலை நீட்டி உட்கார வேண்டிவரும், தடிமனான மெத்தை ஒன்று எடுத்துப் போங்கள். படகில் கழிப்பறை கிடையாது, கரையிலேயே போய்விட்டு ஏறச் சொல்லுங்கள். உயிர்காப்புச் சட்டையின் கொக்கி மாட்டுகிறதா என்று ஏறுமுன்பே பாருங்கள்.

டால்பின் தெரியும், ஆனால் சினிமாவில் வருவது போலத் துள்ளாது. ஐராவதி டால்பினுக்கு மூக்கு நீளம் இல்லை, உருண்டைத் தலை, சின்ன முதுகுத் துடுப்பு. மூச்சுவிட ஒரு நொடி முதுகைக் காட்டிவிட்டு மூழ்கும். ஏரி முழுக்கவே நூற்றைம்பது சொச்சம்தான். தயவுசெய்து துரத்தச் சொல்லாதீர்கள். படகு எஞ்சினின் சுழலும் விசிறி வெட்டி அவை சாகின்றன. துரத்தினால் நீரடியில் அதிக நேரம் இருந்துவிட்டு வேறு எங்கோ எழும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிஷம் காத்திருந்தால் பக்கத்திலேயே வரலாம், மூச்சுவிடும் சத்தமும் கேட்கும். தொலைநோக்கி 8x42 (8 மடங்கு பெரிதாக்குவது) போதும். 10 மடங்கு என்றால் படகு ஆட்டத்தில் படம் நிற்காது.

உப்பங்கழி:

சாதபடா படகுகள் கடல்முகத்து மணல்திட்டில் நிறுத்துவார்கள். அங்கே சிப்பியை உங்கள் கண்முன்னே உடைத்து முத்து, பவளம் எடுத்துக் காட்டி விற்பார்கள். எல்லாம் முன்பே உள்ளே வைத்தது, வாங்காதீர்கள். இறால், நண்டு சமைத்துத் தருவதாகச் சொன்னால் எடையையும் விலையையும் பேசிய பிறகே தலையாட்டுங்கள். படகு வாடகை ஆளுக்கா, மொத்தப் படகுக்கா, எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம் என்பதையும் துறையிலேயே பேசிவிடுங்கள். கடல்முகத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம், ஏற்ற இறக்க நேரத்தில் இழுப்பு பலமாக இருக்கும்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். தென்கரை கஞ்சம் மாவட்டம், 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. மீனவர் பலர் தெலுங்கு பேசுவார்கள். மற்ற இடங்களில் இந்தி போதும்.